பெங்களூரில் நடக்கவும் ஓடவும் நல்ல பாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர் ஆம்பூர். 2006-ல் வேலைக்காகப் பெங்களூர் வந்து அல்சூரில் குடியேறினேன். வந்த இரண்டாம் வருடம் சர்க்கரை எட்டிப் பார்த்தது, டாக்டர் நடக்கச் சொன்னார். அன்று தொடங்கிய நடை அப்புறம் மெதுவோட்டமாகி, இன்று வரை நிற்கவில்லை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே நான் நடந்து பார்த்த இடங்கள்தான்.

புதிதாக வந்திருக்கிறேன். முதலில் எங்கே போவது?

கப்பன் பார்க். யோசிக்கவே வேண்டாம். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. விதான சௌதா நிலையத்திலிருந்தும் உள்ளே வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மெட்ரோ தாமதமாகத்தான் கிளம்பும். விடியலில் போக நினைத்தால் ஆட்டோவோ பைக்கோதான்.

1870-ல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சேங்கி இதை அமைத்தார். அப்போது 100 ஏக்கர்தான், பிறகு சுமார் 300 ஏக்கருக்கு விரிந்தது. 1927-ல் சாமராஜேந்திர பூங்கா என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாற்றினார்கள். ஆனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார்.

காலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளே வண்டிகளை விடுவதில்லை. மற்ற நாட்களில் கார் போகும் அகலமான சாலை முழுவதும் அப்போது நமக்குத்தான். உள்பாதைகளையும் சேர்த்துச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டர் தாராளமாகக் கிடைக்கும். நான் சிவப்பு நிற மத்திய நூலகத்திலிருந்து தொடங்குவேன். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்பது அதுதான். அங்கிருந்து மூங்கில் புதர்களைத் தொட்டு, பேண்ட் ஸ்டாண்ட் வழியாக உயர் நீதிமன்றமாக இயங்கும் அட்டாரா கச்சேரியின் பின்புறம் வரை போய்த் திரும்புவேன். மூங்கில் பக்கம் காற்றடித்தால் தண்டுகள் உரசிக் கிறீச்சிடும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போகிறவர்களிடம் அந்த இடத்தில் மட்டுமாவது கழற்றி வையுங்கள் என்று சொல்வேன்.

லால்பாக்கா, கப்பன் பார்க்கா? ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டத்துக்குக் கப்பன் பார்க், நடைக்கு லால்பாக்.

காரணம் இருக்கிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் காலத்தில் வளர்ந்த தோட்டம் லால்பாக். 240 ஏக்கர். ஓடிக் கடந்துபோனால் அங்கே இருக்கும் பாதி விஷயம் கண்ணில் படாது. இருநூறு வயது தாண்டியதாகச் சொல்லப்படும் இலவ மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடிமரம் சுவர் சுவராக விரிந்து நிற்கும். முதல் தடவை போனபோது என் பையன் அந்த இடுக்கில் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டான். கண்ணாடி மாளிகை, தாமரைக் குளம், தெற்கே பெரிய ஏரி, ஏரிக்கரையில் ஒரு நீண்ட பாதை என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் அந்தப் பாறை. லால்பாக் வாசலுக்குள் நுழைந்ததும் மொட்டையாக எழும்பி நிற்கிற பாறை மேட்டை வெறும் வியூ பாயிண்ட் என்று நினைத்து ஏறி, போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தீபகற்ப நைஸ் என்று புவியியலாளர்கள் அழைக்கும் வகை. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமே இந்தப் பாறைதான். தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு விடியலில் அதன் மேல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கல் இரவின் குளிர்ச்சியோடு இருக்கும். சாம்பலும் வெளுப்புமாக வரிவரியாக ஓடுவதை அருகில் குனிந்தால் பார்க்கலாம். உச்சியில் இருக்கும் சிறிய கோபுரம், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடரின் வழியினர் ஊருக்கு எல்லை காட்ட எழுப்பியதாகச் சொல்லும் நான்கில் ஒன்று. அந்த எல்லையெல்லாம் இன்று ஊருக்கு நடுவில் கிடக்கிறது.

காலை நடை நேரத்தில் லால்பாக்கில் கட்டணம் வாங்குவதில்லை, பகலில் சீட்டு எடுக்க வேண்டும். கிரீன் லைனில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் நடைக்குப் போகாதீர்கள், கூட்டத்தில் நகர முடியாது. கண்காட்சி பார்க்க என்றே தனியாகப் போங்கள்.

முழங்கால் வலிக்கிறது. எந்தத் தரையில் ஓடுவது?

மண் பாதையில். இன்டர்லாக் கல்லும் கான்கிரீட்டும் பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். தார் ரோடு கொஞ்சம் தேவலை. கப்பன் பார்க்கில் மரங்களுக்கிடையே ஓடும் செம்மண் தடங்கள் எனக்குத் தெரிந்து நகருக்குள் மிக மென்மையான ஓட்டப் பாதை. சில ஏரிகளிலும் மண் கரையை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு நிமிடம் ஓடி மூன்று நிமிடம் நடந்து, அப்படியே அரை மணி நேரம் செய்தால் போதும். ஆர்வத்தில் முதல் வாரமே ஐந்து கிலோமீட்டர் ஓடி, இரண்டாம் வாரம் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். வலி ஓடும்போது மட்டுமல்லாமல் உட்கார்ந்து எழும்போதும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

அல்சூர் ஏரி எப்படி?

என் வீட்டு வாசல் ஏரி என்பதால் கொஞ்சம் பாசம் கலந்துதான் சொல்வேன்.

கன்னடத்தில் ஹலசூரு. ஹலசு என்றால் பலா. முன்பு இங்கே பலாத் தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஏரியின் ஒரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினியர் குழுமத்துக்குச் சொந்தமான இடம், அந்தப் பக்கம் பொதுமக்கள் போக முடியாது. அதனால் ஏரியை முழு வட்டமாகச் சுற்றிவர முடியாது. திறந்திருக்கும் கரையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டியதுதான். தூரம் போதவில்லை என்றால் வெளியே வந்து திருவள்ளுவர் சிலை வரை நடப்பேன். 1991-ல் வைத்த அந்தச் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். திறப்பு நாளில் எங்கள் தெருவில் வயதானவர்கள் பலர் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்போது தினமும் காலையில் அந்தப் பக்கம் நடப்பவர்கள் ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பெங்களூர் தமிழ்ச் சங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. நடை முடித்துவிட்டுச் சோமேசுவரர் கோயிலுக்கும் எட்டிப்போகலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். கழிவுநீர் கலப்பதால் சில காலங்களில் நாற்றம் அடிக்கும். 2016-ல் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. கோடைக் கடைசியில் காற்று உங்கள் பக்கம் வீசினால் அன்றைக்கு வேறு இடம் போங்கள்.

ஏரிகள் நிறைய இருக்கின்றனவே, எதற்குப் போகலாம்?

முதலில் ஒரு சொல் விஷயம். வந்த புதிதில் ஒரு கன்னடப் பெரியவர் "ஏரி மேலே நடங்க" என்றார். தண்ணீர் மேல் எப்படி நடப்பது என்று விழித்தேன். கன்னடத்தில் தண்ணீர் நிற்கும் இடம் கெரே, அதன் மண் அணைதான் ஏரி. நமக்கோ தண்ணீர் ஏரி, அணை கரை. இரண்டு மொழியும் ஒரே கரையில் நின்று பெயரை மாற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இது தெரிந்தபின் வழி கேட்பது சுலபமாகிவிட்டது.

இந்த ஊரில் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். அதனால் முன்னோர்கள் பள்ளம் கண்ட இடமெல்லாம் கரை போட்டு, ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகும்படி சங்கிலியாகக் கெரேக்களை வெட்டினார்கள். இன்று நாம் நடப்பது பெரும்பாலும் அந்தக் கரைகளின் மேல்தான்.

வடக்கே இருப்பவர்களுக்கு ஜக்கூர். என் மனதில் முதலிடம் அதற்கே. பெரிய ஏரி, சுற்றிவர நல்ல பாதை. பக்கத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே சுத்தமான நீர் நேராக ஏரிக்கு வராமல், நாணலும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியாக ஊர்ந்து, மிச்ச சத்துக்களைச் செடிகளிடம் கொடுத்துவிட்டு வருகிறது. கழிவுநீரைக்கூட இப்படிக் கரையேற்ற முடியும் என்பதைக் கண்ணால் பார்க்க, குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கூழைக்கடாக்கள் மிதப்பதையும், மீனவர்கள் பரிசலில் வலை வீசுவதையும் காலையில் பார்க்கலாம்.

மல்லேஸ்வரம், சதாசிவ நகர் பக்கம் என்றால் சேங்கி டேங்க். கப்பன் பார்க்கை அமைத்த அதே சேங்கி 1882-ல் குடிநீருக்காகக் கட்டியது. ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை நேர்த்தி, இருக்கைகள் நிறைய, வயதானவர்கள் நிறைய. ஓட நினைத்தால் ஆறு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அப்புறம் நாலு பேராகக் கைகோத்து நடப்பவர்களைத் தாண்ட முடியாது.

சர்ஜாபூர் ரோட்டில் கைகொண்டரஹள்ளி. 48 ஏக்கர். ஒரு காலத்தில் குப்பையும் சாக்கடையுமாகக் காய்ந்து கிடந்த ஏரியை, சுற்றி வாழ்பவர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து 2009-ல் தொடங்கி மீட்டெடுத்தார்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் இருப்பவர்களுக்கு அகர ஏரி. ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்தில் புட்டேனஹள்ளி மிகச் சிறியது, ஓட்டத்துக்குப் பற்றாது. ஆனால் நாமக்கோழியும் முக்குளிப்பானும் பார்க்க அதைவிட நெருக்கமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பெல்லந்தூர் ஏரியில் நடக்கலாமா?

வேண்டாம். நகரிலேயே மிகப் பெரிய ஏரி அது. சோப்புக் கழிவு கலந்து மலைமலையாக நுரை பொங்கியதும், 2015-லும் 2018-லும் ஏரியே தீப்பிடித்ததும் செய்திகளில் வந்தன. தூர்வாரும் வேலைகள் நடந்திருக்கின்றன, ஆனால் நடைக்கு உகந்த இடம் என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது.

ஆனால் இதைத் தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அல்சூர் ஏரியின் மிகைநீர் பெல்லந்தூர் போகிறது. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர். வர்த்தூரிலிருந்து தட்சிண பினாகினி. அந்தப் பினாகினிதான் ஓசூர் தாண்டும்போது நம்முடைய தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது என்று படிக்கிறோமே, அது இங்கிருந்து போன நுரை. அதே தண்ணீர்தான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை வழியாகக் கடலூருக்குப் போகிறது. ஆக இங்கே ஒரு ஏரியில் யார் குப்பை கொட்டினாலும் அது நம் ஊர் விவசாயி வயலில் கரையேறும். நடக்கப் போகும் ஏரியில் கழிவுநீர் கலப்பதைப் பார்த்தால் போட்டோ எடுத்து மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். கைகொண்டரஹள்ளியையும் புட்டேனஹள்ளியையும் காப்பாற்றியவர்கள் தினமும் அங்கே நடந்தவர்கள்தான்.

பூ பார்க்க எந்த மாதம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. டபேபுயா இளஞ்சிவப்பில் தொடங்கும், இலையே இல்லாமல் மரம் முழுக்கப் பூவாக நிற்கும். அடுத்து மஞ்சள் டபேபுயா. பிறகு ஊதா ஜகரண்டா. உகாதி நெருங்கும்போது புங்கை மரங்கள் மொத்தமாகத் தளிர்த்து, தெருவே பச்சை விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகர் சிவப்பு.

இது தற்செயல் இல்லை. லால்பாக்கைக் கவனித்துக்கொண்ட ஜெர்மானியத் தாவரவியலாளர் கிரும்பீகல், ஒரு வகை பூத்து ஓயும்போது இன்னொரு வகை பூக்கும்படி திட்டமிட்டுச் சாலையோர மரங்களை நடச் செய்தார். அவர் 1908-ல் இந்த ஊருக்கு வந்து, 1956-ல் இங்கேயே காலமானார். கப்பன் பார்க்கில் பிப்ரவரியில் நடப்பவர்கள் அவர் போட்ட கணக்கின் கீழ்தான் நடக்கிறார்கள்.

எத்தனை மணிக்குப் போவது? பெண்கள் தனியாகப் போகலாமா?

ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும். ஜனவரி கடைசியில் ஆறே முக்கால் ஆகும். சூரியன் வந்த பிறகு தொடங்கி, எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அப்புறம் போக்குவரத்தும் புகையும் ஏறிவிடும்.

என் மனைவி பத்து வருடமாகத் தனியாகத்தான் நடக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சேங்கி டேங்க், லால்பாக், கப்பன் பார்க்கின் முக்கியச் சாலைகள் ஆகியவை விடிந்தபின் நிம்மதியானவை, கூட்டம் இருக்கும். புறநகர் ஏரிகளில் பின்பக்கக் கரை பல இடங்களில் ஆளரவமற்றது. அங்கே முதல் சில நாட்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும், பழகிய முகங்கள் தெரிந்தபின் தனியாகப் போகலாம். அந்தி சாய்ந்தபின் ஏரிக்கரை வேண்டாம், பூங்காவும் தெருவும் போதும்.

தெருநாய்கள்?

இருக்கின்றன. ஓடினால் துரத்தும். நின்றுவிடுங்கள். கண்ணைப் பார்க்காமல், கையை ஆட்டாமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் அல்லது பல் கீறிவிட்டால்கூட, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அதிகம் நடக்க முடியாது.

லால்பாக். பாறை மேட்டைத் தவிர மற்ற இடம் பெரும்பாலும் சமதரை, உட்கார இடம் உண்டு, முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டியும் இருக்கிறது. என் அம்மா வந்தால் மேற்கு வாசல் வழியாக நுழைந்து ஏரிக்கரை வரை போவோம், பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்து யார் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது வரை பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் விசாரித்துவிடுவாள். இங்கே தமிழில் பேச்சுக் கொடுத்தால் பதில் தமிழிலேயே வரும் வாய்ப்பு அதிகம்.

வெயில் தெரியாத ஊர் என்று ஏமாந்துவிட வேண்டாம். சென்னையில் மாதிரி வியர்வை சொட்டாது என்பதால் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். பெரியவர்களுக்கு நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

நடந்து முடித்தபின் டிபன்?

லால்பாக் என்றால் பக்கத்திலேயே 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். ரவா இட்லி பிறந்த இடம் என்று அவர்கள் சொல்கிறார்கள். பசவனகுடி பக்கம் போனால் காந்தி பஜாரில் 1943-லிருந்து இயங்கும் வித்யார்த்தி பவன், மொறுமொறு தோசை. சேங்கி டேங்க் என்றால் மல்லேஸ்வரம் மார்கோசா ரோட்டில் சி.டி.ஆர். பென்னே தோசை, அதாவது வெண்ணெய் தோசை. ஞாயிறு எட்டு மணிக்கு மேல் எல்லா இடத்திலும் காத்திருக்க வேண்டும். சாம்பார் இனிக்கும், பழகிவிடும்.

பூங்கா, ஏரி இல்லாமல் தெருவில் நடக்க நல்ல பகுதி உண்டா?

மல்லேஸ்வரம். சம்பிகே ரோடு என்றால் செண்பகச் சாலை, மார்கோசா ரோடு என்றால் வேம்புச் சாலை. இரண்டுக்கும் நடுவே குறுக்குத் தெருக்களில் காலை ஆறரைக்கு நடந்தால் வாசல் தெளிக்கும் சத்தமும் பூக்காரர்களும்தான். காடு மல்லேஸ்வரர் கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் கட்டியவர் வெங்கோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர். நம் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கி வைத்த அதே ஏகோஜிதான் அவர்.

பசவனகுடியில் பியூகிள் ராக். லால்பாக்கில் பார்த்த பாறையின் உடன்பிறப்பு. சின்னப் பூங்காதான், ஆனால் மரங்களில் வௌவால் கூட்டம் தொங்கும். பெரிய நந்தி கோயிலும் ஒட்டியே இருக்கிறது. கார்த்திகைக் கடைசித் திங்களில் கடலைக்காய்த் திருவிழா நடக்கும். அன்றைக்கு நடை போக முடியாது, வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே ஊர்ந்து போகலாம்.

தொம்மலூரில் இருப்பவர்கள் சொக்கநாதசுவாமி கோயில் வரை ஒரு நாள் நடந்து பாருங்கள். பெயரைக் கேட்டுச் சிவன் என்று நினைப்போம், உள்ளே இருப்பவர் பெருமாள். கல்லில் தமிழ் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களுக்கு நடுவில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்த காலைப்பொழுதை நான் மறக்க மாட்டேன்.

கொஞ்சம் காடு, மலை மாதிரி வேண்டும்.

நகருக்குள் என்றால் கனகபுரா ரோட்டுப் பக்கம் துரஹள்ளி. சிறிய காப்புக்காடு, முள்செடியும் பாறையும் கலந்தது. வனத்துறை பலகையில் போட்டிருக்கும் நேரத்தை மதித்துப் போங்கள். தனியாக உள்ளே வெகுதூரம் போக வேண்டாம், பிளாஸ்டிக் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

வெளியே என்றால் சாவனதுர்கா. 1,226 மீட்டர், ஒரே கல்லாக எழும்பி நிற்கும் மலை. அனுமதி பெற்றுத்தான் ஏற வேண்டும். இது நடைப்பயிற்சி அல்ல, கை ஊன்றி ஏறும் ஏற்றம். பாறை நனைந்திருந்தால் கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் பிடிக்கும், காலை கிடைக்கும். ஆனால் பாசி படிந்த கருங்கல் பலகையை நம்பக் கூடாது. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஏரிக்கரையில் படியிறங்கும்போது வழுக்கி, இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருந்தேன். அதன் பிறகு மழை விட்ட மறுநாள் கப்பன் பார்க்கின் தார் சாலையோடு நிறுத்திக்கொள்கிறேன். பெருங்காற்று அடித்த மறுநாளும் பழைய மரங்களின் கீழ் நிற்காதீர்கள், கிளை விழும்.

நந்தி மலைக்கு நடந்தே ஏற முடியுமா?

முடியும். காரில் போய் மேலே டீ குடித்து இறங்குவதைவிட அதுதான் சரி.

நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உயரம் 1,478 மீட்டர். அடிவாரத்தில் சுல்தான்பேட்டையிலிருந்து பழைய கற்படிகள் மேலே போகின்றன. ஏற்றம் செங்குத்து. நிதானமாக நின்று நின்று ஏறுங்கள், முழங்கால் பிரச்சினை இருப்பவர்கள் இறங்கும்போது சாலை வழியாக வந்துவிடுவது நல்லது. வார இறுதிகளில் வண்டி நெரிசலுக்காகக் கட்டுப்பாடு வைப்பதுண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வாரநாளில் ஒரு லீவு போட்டுப் போனால் மூடுபனியும் அமைதியும் உங்களுக்கே.

எனக்கு அந்த மலை வேறு காரணத்துக்காக முக்கியம். பாலாறு அங்கேதான் பிறக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆம்பூரில் நான் வளர்ந்த காலமெல்லாம் பாலாறு என்றால் மணல்தான். கிரிக்கெட் ஆடியதும் மணலில், ஊற்றுத் தோண்டிக் கால் நனைத்ததும் மணலில். தண்ணீர் ஓடி நான் பார்த்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தென்பெண்ணையும் இதே மலைத்தொடரில் பிறப்பதுதான். அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் இருக்கும் போகநந்தீசுவரர் கோயில் 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதன் உள்ளே படிகள் சூழ்ந்த ஒரு திருக்குளம், சிருங்கி தீர்த்தம். தென்பெண்ணை அங்கிருந்தே பிறப்பதாக அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அம்மா போன் போட்டு, பாலத்தின் மேல் நின்றுகொண்டு சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தாள். அடுத்த மாதம் அவளை நந்திக்குக் கூட்டிப்போனேன். படியேற முடியாது என்பதால் காரில்தான். மேலே பாறையிடுக்கில் கசிந்துகொண்டிருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி, "இதுவா நம்ம ஊருக்கு வருது?" என்று கேட்டாள். தலையில் தெளித்துக்கொண்டு, கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் கொஞ்சம் பிடித்து எடுத்துக்கொண்டாள்.